அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க: கல்லூரிப் பாடங்களை எப்படி அடுக்குவது?

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடியும்வரை பெற்றோர்கள் வராந்தாவில் காத்திருப்போம். என் மகள் இங்கே மெடிக்கல் ஸ்கூல் முடித்து, இப்போது குழந்தைகள் மருத்துவத்தில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறாள். அது தெரிந்ததிலிருந்து, ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, பையன் டாக்டராகணும்னு சொல்றான். காலேஜ்ல என்ன பாடம் எடுக்கச் சொல்லணும்?" வராந்தாவில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே முழுசாக எழுதுகிறேன். பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்.பி.பி.எஸ். சேர்ந்து ஐந்தரை ஆண்டில் டாக்டராகலாம். இங்கே அந்தப் பாதை கிடையாது. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், அதன் பிறகு நான்கு ஆண்டு மெடிக்கல் ஸ்கூல், அதற்கும் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு ரெசிடென்சி. பள்ளி முடித்தவுடனேயே இரண்டையும் சேர்த்து இடம் தரும் திட்டங்கள் சில உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டு ஆண்டுத் திட்டம் அப்படிப்பட்டது. ஆனால் அவற்றில் இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் போவது நீண்ட பாதையில்தான்.

'ப்ரீ-மெட்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு பட்டப்படிப்பின் பெயர் இல்லை. மெடிக்கல் ஸ்கூல்கள் கேட்கும் அறிவியல் பாடங்களை முடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்கான ஒரு சொல், அவ்வளவுதான். மேஜர், அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடம், எதுவாகவும் இருக்கலாம். உயிரியல், வரலாறு, இசை, பொறியியல், எதுவானாலும் சரி. கேட்கிற பாடங்களை முடித்திருக்க வேண்டும், நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்க வேண்டும்.

பாடத்துக்கு முன்னால் விசா

இதைச் சொல்லும்போது பல வீடுகளில் முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் முதலிலேயே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால், 21 வயது நிறைந்ததும் அது முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 என்ற மாணவர் விசா போன்ற வேறொரு விசாவுக்கு மாற வேண்டும். இங்குள்ள மெடிக்கல் ஸ்கூல்களில் பல, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத மாணவர்களின் விண்ணப்பத்தைப் பார்ப்பதே இல்லை. பார்க்கும் கல்லூரிகளிலும் சில, கட்டணம் கட்டப் பணம் கையில் இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடனும் கிடைக்காது.

அதற்காக ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியைப் பாருங்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசுங்கள், வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகள் எவை என்று முதல் ஆண்டிலேயே பட்டியல் போடுங்கள். மூன்றாம் ஆண்டில், எல்லாப் பாடமும் முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்.டி. (இங்கே அது மெடிக்கல் ஸ்கூல் தரும் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏம்காஸ், வெளிநாட்டுக் கல்லூரியின் மதிப்பெண்களைத் தன் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கணக்கில் சேர்க்காது. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள், கேட்கிற அறிவியல் பாடங்களையாவது அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பட்டம் இருந்தாலும் இந்தப் பாடங்களை இங்கே மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கென்றே 'போஸ்ட்-பேக்' என்ற படிப்புகள் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன.

கெமிஸ்ட்ரியை முதலில் எழுதுங்கள்

இப்போது அந்தத் தாளை எடுங்கள். எட்டுக் கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு செமஸ்டர். கட்டங்களுக்கு நடுவே கோடைக்காலத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் எதிர்பார்க்கும் பாடங்கள் இவை: லேபோடு உயிரியல் ஓர் ஆண்டு, லேபோடு ஜெனரல் கெமிஸ்ட்ரி ஓர் ஆண்டு, லேபோடு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஓர் ஆண்டு, லேபோடு இயற்பியல் ஓர் ஆண்டு, பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர். கூடவே ஆங்கிலம், கணிதம் அல்லது புள்ளியியல். உளவியலும் சமூகவியலும் பல இடங்களில் கட்டாயம் இல்லை. ஆனால் மெடிக்கல் ஸ்கூலுக்கான எம்கேட் என்ற நுழைவுத் தேர்வுக்கு வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எல்லோரும் உயிரியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். டாக்டர் படிப்பு என்றால் உயிரியல்தானே என்று தோன்றும். நான் கெமிஸ்ட்ரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம், மற்ற பாடங்களை முன்னே பின்னே தள்ளி வைத்துக்கொள்ளலாம். கெமிஸ்ட்ரி அப்படி நகராது. ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒன்று முடித்தால்தான் இரண்டு, அது முடித்தால்தான் ஆர்கானிக் ஒன்று, பிறகு ஆர்கானிக் இரண்டு, அதன் பிறகு பயோகெமிஸ்ட்ரி. சங்கிலி போல ஐந்து செமஸ்டர். சில கல்லூரிகளில் ஆர்கானிக் ஒன்று முடித்ததும் பயோகெமிஸ்ட்ரி எடுக்க விடுவார்கள். அப்படியிருந்தால் ஒரு செமஸ்டர் மிச்சம்.

இதிலே இன்னொரு சிக்கல். பல கல்லூரிகளில், முக்கியமாகச் சிறியவற்றில், ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒன்று இலையுதிர் செமஸ்டரில் மட்டுமே நடக்கும். அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகாது, ஒரு முழு ஆண்டு தள்ளிப்போகும். ஆகவே கல்லூரி இணையதளத்தில் பாடப் பட்டியலைத் திறந்து, ஐந்தில் ஒவ்வொன்றும் எந்த செமஸ்டரில் நடக்கிறது, அதற்கு முன்தேவை என்ன என்று பார்த்து, பென்சிலால் கட்டங்களில் எழுதுங்கள்.

கெமிஸ்ட்ரிக்கே ஒரு வாசல் உண்டு. கணிதத்தில் குறிப்பிட்ட நிலையை எட்டியிருந்தால்தான் பல கல்லூரிகளில் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் உட்கார முடியும். அதைத் தீர்மானிப்பது கோடையில் நடக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுதானே என்று பிள்ளைகள் படிக்காமல் எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் குறைந்தால் அல்ஜீப்ராவில் போட்டுவிடுவார்கள், சங்கிலியின் முதல் கண்ணியே தள்ளிப்போய்விடும். இரண்டு வாரம் மடக்கை, அடுக்குக்குறி, சமன்பாடுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அடுத்ததாகத் தாளின் மறுமுனைக்குப் போவோம். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பம், சேர்வதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். ஏம்காஸ் மே மாதம் திறக்கும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ அனுப்பலாம். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பங்களை வரவர எடுத்துப் பார்ப்பதால், முன்னால் அனுப்புவது நல்லது. அனுப்பும்போது எம்கேட் மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். அது வர எழுதிய நாளிலிருந்து ஒரு மாதம் ஆகும்.

பட்டம் வாங்கிய அதே ஆண்டில் மெடிக்கல் ஸ்கூல் சேர வேண்டுமானால், மூன்றாம் ஆண்டு முடிவில் விண்ணப்பிக்க வேண்டும். அப்படியானால் மூன்றாம் ஆண்டின் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே எம்கேட் எழுத வேண்டும். அதற்குள் பயோகெமிஸ்ட்ரி முடிந்திருக்க வேண்டும். இப்போது உங்கள் கட்டங்களைப் பாருங்கள். முதல் ஆண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரி, இரண்டாம் ஆண்டு ஆர்கானிக், மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரி. சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ஒரு செமஸ்டர்கூட உபரி இல்லை. உடம்பு சரியில்லை, ஒரு பாடம் சரியாக வரவில்லை, வகுப்பில் இடம் கிடைக்கவில்லை, எது நடந்தாலும் திட்டம் உடைந்துவிடும்.

நான்காம் ஆண்டு முடிவில் விண்ணப்பித்து, ஓர் ஆண்டு இடைவெளி விட்டுச் சேர்ந்தால், இரண்டு செமஸ்டர் உபரியாகக் கிடைக்கிறது. 'கேப் இயர்' என்றால் நம்மவர்களுக்குப் பிள்ளை ஓர் ஆண்டை வீணாக்குகிறது என்று பயம். கல்யாண வீட்டில் யாராவது "இன்னும் சேரலையா?" என்று கேட்பார்களே என்ற கவலை வேறு. இன்று மெடிக்கல் ஸ்கூலில் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குறைந்தது ஓர் ஆண்டாவது இடைவெளி விட்டுத்தான் சேர்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் சேர்ந்தாள். அந்த ஓர் ஆண்டு மருத்துவமனையில் டாக்டர்களுக்குக் குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலை பார்த்தாள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை அங்கேதான் கற்றேன் என்று இன்றும் சொல்வாள்.

முதல் செமஸ்டரில் நாங்கள் செய்த தவறு

மகள் சேர்ந்தபோது எனக்கும் இவருக்கும் இதெல்லாம் தெரியாது. சேர்க்கை நாளில் கல்லூரி அட்வைசர் இருபது நிமிடம் பேசினார். ஜெனரல் கெமிஸ்ட்ரி, உயிரியல், கால்குலஸ், கூடவே ஆங்கில எழுத்து வகுப்பு. பள்ளியில் நன்றாகப் படித்த பெண், தாங்குவாள் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். அவளை யாரும் கேட்கவில்லை என்பது இப்போதும் எனக்கு உறுத்துகிறது.

இரண்டு லேப் என்றால் வாரத்தில் இரண்டு மத்தியானங்கள் போய்விடும், அறிக்கை எழுத இரண்டு இரவுகள். அக்டோபரில் மூன்று பாடங்களுக்கும் ஒரே வாரத்தில் தேர்வு வந்தது. செமஸ்டர் முடிவில் கெமிஸ்ட்ரியில் பி மைனஸ், உயிரியலில் பி, கால்குலஸில் பி பிளஸ், ஆங்கிலத்தில் ஏ. நம் கண்ணுக்கு மோசமாகத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7. ஒரு பாடத்தின் எடையைக் காட்டும் எண்தான் கிரெடிட். கெமிஸ்ட்ரி, உயிரியல், கால்குலஸ் தலா 4 கிரெடிட், ஆங்கிலம் 3. ஒவ்வொரு மதிப்பையும் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 48. அதை 15 கிரெடிட்டால் வகுத்தால் 3.2. இது மொத்த ஜிபிஏ. மெடிக்கல் ஸ்கூல்கள் இன்னொரு கணக்கும் பார்க்கின்றன. உயிரியல், கெமிஸ்ட்ரி, இயற்பியல், கணிதம் நான்கையும் மட்டும் தனியே எடுத்து 'சயின்ஸ் ஜிபிஏ' என்று ஏம்காஸ் காட்டும். மகளுக்கு அது 3.0 ஆக இருந்தது.

நான்கு ஆண்டில் அவள் 48 கிரெடிட் அறிவியலும் கணிதமும் படிப்பதாக வைத்துக்கொண்டோம். 12 கிரெடிட் போய்விட்டது. கடைசியில் 3.6 வர வேண்டுமானால், மீதி 36 கிரெடிட்டிலும் சராசரி 3.8 எடுக்க வேண்டும். அதாவது இனி எல்லாம் ஏ அல்லது ஏ மைனஸ். சமீப ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி மொத்த ஜிபிஏ 3.75-ஐத் தாண்டிவிட்டது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, சுமார் 23 ஆயிரம் பேர் சேர்கிறார்கள். ஒரே ஒரு செமஸ்டர் எத்தனை பாரமாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது பாருங்கள்.

அவள் மீண்டுவிட்டாள். அடுத்த செமஸ்டர் கெமிஸ்ட்ரி மட்டும் வைத்துக்கொண்டு உயிரியலை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளினாள். கேப் இயர் பாதைக்கு மாறினாள். அதனால்தான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: முதல் செமஸ்டரில் லேப் உள்ள அறிவியல் பாடம் ஒன்று போதும், அது ஜெனரல் கெமிஸ்ட்ரியாக இருக்கட்டும். ஒரு கணிதம், ஓர் ஆங்கிலம், பிடித்த ஏதாவது ஒன்று. 13 அல்லது 14 கிரெடிட் தாராளம். பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும், எட்டு செமஸ்டருக்குச் சராசரி 15. முதலில் குறைந்ததைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். புது நாடு, புது உச்சரிப்பு, வேறு மாதிரியான தேர்வுகள். ஊரிலிருந்து வந்து ஓரிரு ஆண்டே ஆன பிள்ளைக்குக் கால் ஊன்ற அந்த இடம் வேண்டும்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி

இந்தப் பாடத்துக்காகவே டாக்டர் ஆசையை விட்டவர்கள் உண்டு. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் ஆல்டால் குறுக்கம், கன்னிசாரோ வினை என்று பெயரோடு மனப்பாடம் செய்து வந்திருப்பார்கள். புத்தகத்தில் அதே பெயர்களைப் பார்த்ததும் தெரிந்த பாடம்தானே என்று இருந்துவிடுகிறார்கள். இங்கே தேர்வில் பெயரைக் கேட்க மாட்டார்கள். இதுவரை பார்த்திராத ஒரு மூலக்கூறைக் கொடுத்து, இது என்ன ஆகும், எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது, அம்புக்குறி போட்டுக் காட்டு என்பார்கள். மனப்பாடத்தோடு போனால் முதல் தேர்விலேயே அடி.

மகள் கண்டுபிடித்த வழி எளிமையானது. எலக்ட்ரான் அதிகமுள்ள இடம் எது, குறைவான இடம் எது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் ஒவ்வொரு மூலக்கூறிடமும் கேட்பாள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் வினையை முதலிலிருந்து வரைவாள். நின்றுபோன இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் புள்ளியிலிருந்து மறுபடி. விடுமுறைக்கு வந்தபோது சமையலறை மேசை முழுக்க அந்தத் தாள்கள்தான். பந்தும் குச்சியுமாக ஒரு மாதிரிப் பெட்டி கல்லூரிக் கடையில் கிடைக்கும். மூலக்கூறின் வலது இடது வடிவங்கள் தாளில் புரியாது, கையில் திருப்பிப் பார்த்தால் உடனே புரியும். அதற்குச் செலவு செய்யுங்கள்.

தினம் ஒரு மணி நேரம் என்பது இந்தப் பாடத்துக்கு வார இறுதியில் ஏழு மணி நேரத்தைவிட மேல். ஆர்கானிக் ஒன்றையும் இரண்டையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து எடுக்க வேண்டும். நடுவில் ஒரு செமஸ்டர் விட்டால் கை மறந்துவிடும். ஆர்கானிக் எடுக்கும் செமஸ்டரில் கடினமான வேறொரு பாடத்தைப் பக்கத்தில் வைக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள். உயிரியலை வைக்கலாம், இரண்டும் வேறுவிதமான உழைப்பு. இயற்பியலையும் சேர்த்து மூன்றாக்கினால் தூக்கம் போய்விடும்.

மற்ற பாடங்கள்

இயற்பியலில் இரண்டு வகை இருக்கும், கால்குலஸோடு ஒன்று, அல்ஜீப்ராவோடு ஒன்று. பொறியியலோ இயற்பியலோ மேஜராக இல்லாவிட்டால் அல்ஜீப்ரா வகை போதும். மெடிக்கல் ஸ்கூல்கள் அநேகமாக எல்லாமே அதை ஏற்கின்றன. எம்கேட்டில் கால்குலஸ் வராது. கால்குலேட்டரும் கிடையாது, எனவே மனக்கணக்கு பழக்கம் உள்ள நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சுலபம். கணிதத்தில் ஒரு செமஸ்டர் புள்ளியியலைக் கட்டாயம் சேருங்கள், ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க அதுதான் உதவும். ஆங்கிலத்தைச் சுமையாக நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாகத் தன்னைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடத்துக்கான ஏபி தேர்வு எழுதி கிரெடிட் வாங்கியிருந்தால் கவனம். கல்லூரி அதை ஏற்றாலும், சில மெடிக்கல் ஸ்கூல்கள் ஏற்பதில்லை. ஏபி உயிரியலை வைத்து முதல் ஆண்டு உயிரியலைத் தாண்டினால், அதற்குப் பதில் மரபியல், செல் உயிரியல் போன்ற மேல்நிலைப் பாடங்களை லேபோடு எடுத்துவிடுங்கள். கெமிஸ்ட்ரியில் ஏபியை வைத்து நேரே ஆர்கானிக்கில் குதிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடித்தளம் உறுதியாக உள்ள பிள்ளையானால் சரி, இல்லாவிட்டால் கல்லூரியிலேயே மறுபடி படிப்பது நல்லது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பள்ளியில் படிக்கும்போதே அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் 'டூயல் என்ரோல்மென்ட்' என்று பாடம் எடுத்திருந்தால், அந்த மதிப்பெண்ணும் ஏம்காஸ் கணக்கில் வரும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த சி, இருபத்தொரு வயதில் விண்ணப்பத்தில் நிற்கும். பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

எம்கேட்டைப் பார்த்துப் பாடம் தேர்ந்தெடுப்பது

எம்கேட் 2015-இல் புது வடிவத்துக்கு மாறியது. நான்கு பகுதிகள், மொத்தம் 230 கேள்விகள், இடைவேளைகளோடு சேர்த்து ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472 முதல் 528 வரை. எம்.டி. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 511, 512 அளவில் இருக்கிறது.

தேர்வை நடத்தும், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி, எந்தப் பாடத்திலிருந்து எவ்வளவு வரும் என்பதை வெளியிட்டிருக்கிறது. வேதியியல், இயற்பியல் பகுதியில் ஜெனரல் கெமிஸ்ட்ரி 30 சதவீதம், இயற்பியல் 25, பயோகெமிஸ்ட்ரி 25, ஆர்கானிக் 15, உயிரியல் 5. உயிரியல் பகுதியில் அடிப்படை உயிரியல் 65, பயோகெமிஸ்ட்ரி 25, மீதி இரண்டு கெமிஸ்ட்ரியும் தலா 5. பயோகெமிஸ்ட்ரி ஒரே செமஸ்டர் பாடம், ஆனால் இரண்டு பகுதிகளில் தலா கால் பங்கு. அதனால்தான் அதை முடிக்காமல் எம்கேட் எழுத வேண்டாம் என்கிறேன். முடிந்தால் எழுதுவதற்கு முந்தைய செமஸ்டரில் அது அமையட்டும். 20 அமினோ அமிலங்களின் வடிவமும் சுருக்கெழுத்தும் கைப்பழக்கமாகிவிடும்.

இன்னொரு பகுதியில் 65 சதவீதம் உளவியல், 30 சதவீதம் சமூகவியல். தலா ஒரு அறிமுக வகுப்பு போதும். பட்டத்துக்குத் தேவையான பொதுப் பாடங்களிலேயே இவற்றை வைத்துவிடலாம். மீதமுள்ள பகுதி, கட்டுரைப் பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. இதற்கென்று பாடப் பகுதி எதுவும் இல்லை. தத்துவம், வரலாறு, இலக்கியம் என்று வாசிப்பு நிறைந்த வகுப்புகள் எடுத்த பிள்ளைகள் இதில் தடுமாறுவதில்லை. ஆங்கிலம் பின்னால் கற்ற பிள்ளைகளுக்கு இந்தப் பகுதிதான் கடினம், இரண்டு மாதத் தயாரிப்பில் சரியாகாது. முதல் ஆண்டிலிருந்தே செமஸ்டருக்கு ஒரு வாசிப்பு வகுப்பு என்று வையுங்கள்.

தாளை நிரப்புவோம்

கேப் இயர் பாதை என்றால் இப்படி எழுதலாம். முதல் ஆண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டும், கணிதம், ஆங்கிலம், உளவியல். இரண்டாம் ஆண்டு ஆர்கானிக் இரண்டும், உயிரியல் இரண்டும். மூன்றாம் ஆண்டு இயற்பியல் இரண்டும், பயோகெமிஸ்ட்ரி, புள்ளியியல், சமூகவியல். அந்தக் கோடையில் எம்கேட்டுக்குப் படித்து ஆகஸ்டிலோ, தவறினால் அடுத்த ஜனவரியிலோ எழுதலாம். நான்காம் ஆண்டு மேஜருக்கான பாடங்களும், உடலியல் போன்ற மேல்நிலைப் பாடம் ஒன்றிரண்டும். முடிவில் விண்ணப்பம்.

நேராகப் போக வேண்டும் என்று பிள்ளையே பிடிவாதமாக இருந்தால், முதல் ஆண்டில் கெமிஸ்ட்ரியோடு உயிரியல், இரண்டாம் ஆண்டில் ஆர்கானிக்கோடு இயற்பியல், மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் பயோகெமிஸ்ட்ரி. இரண்டு ஆண்டுகள் விடாமல் செமஸ்டருக்கு இரண்டு லேப். முடியும், செய்கிறார்கள். ஆனால் வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் இல்லை. மருத்துவமனையில் தொண்டு, டாக்டரோடு கூட இருந்து பார்ப்பது, ஆராய்ச்சி, இவற்றுக்கும் வாரத்தில் நேரம் வேண்டும். பாடத்தால் மட்டும் இடம் கிடைப்பதில்லை.

மேஜர் எதை எடுத்தாலும் அதன் பாடப் பட்டியலை இந்தத் தாள்மீது வைத்துப் பாருங்கள். உயிரியல், பயோகெமிஸ்ட்ரி மேஜர்களில் பெரும்பாலானவை ஒன்றாகிவிடும். கம்ப்யூட்டர், பொறியியல் என்றால் கூடுதல் சுமை, அதிலும் பொறியியல் பாடங்கள் பொதுவாக சயின்ஸ் ஜிபிஏவில் சேராது. பிள்ளைக்கு எது பிடித்திருக்கிறதோ அதில்தான் நல்ல மதிப்பெண் வரும்.

பிறகு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு மெடிக்கல் ஸ்கூலின் தேவையையும் சரிபார்க்க வேண்டும். ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் என்ற இணையத் தரவுத்தளத்தில் எல்லா எம்.டி. கல்லூரிகளின் விவரமும் இருக்கிறது. முதலில் உங்கள் மாநிலக் கல்லூரிகளைப் பாருங்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அங்கேதான் வாய்ப்பு அதிகம். டெக்சாஸில் அரசு மெடிக்கல் ஸ்கூல்கள் குறைந்தது 90 சதவீத இடங்களை மாநிலத்தவருக்கே தர வேண்டும். அங்கே விண்ணப்ப முறையும் தனி. ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளுக்கும் தனி விண்ணப்பம். டி.ஓ. என்றால் குறைவு என்று நம்மவர்கள் சிலர் பேசுவது தவறு. அவர்களும் முழு உரிமை பெற்ற மருத்துவர்கள்தான்.

வழியில் சறுக்கினால்

ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், கைவிடும் கடைசித் தேதிக்குள் விலகலாம். மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' என்று இருக்கும். ஒன்று இருந்தால் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், செமஸ்டருக்கு ஒன்று என்றால் கேட்பார்கள். கிரெடிட் 12-க்குக் கீழே இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். எஃப்-1 மாணவருக்கு அது விசாவையே பாதிக்கும், மற்றவர்களுக்கு உதவித்தொகையைப் பாதிக்கலாம்.

அறிவியல் பாடங்களை 'பாஸ்-ஃபெயில்' முறையில் எடுக்காதீர்கள். எழுத்து மதிப்பெண் வேண்டும். பொதுவாக சி-க்குக் கீழே வந்தால் மெடிக்கல் ஸ்கூல்கள் அந்தப் பாடத்தை ஏற்பதில்லை, மறுபடி படிக்க வேண்டும். மறுபடி படித்து ஏ வாங்கினாலும் பழைய மதிப்பெண் போகாது, ஏம்காஸ் இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். டி.ஓ. விண்ணப்பத்திலும் 2017 முதல் அப்படித்தான். எனவே பி வாங்கிய பாடத்தை மறுபடி எடுப்பதில் பயன் இல்லை. அந்த நேரத்தில் மேல்நிலைப் பாடம் ஒன்றில் ஏ வாங்குவது மேல்.

கோடையில் படிக்கலாமா என்று கேட்பார்கள். பதினைந்து வாரப் பாடத்தை ஆறு வாரத்தில் ஓட்டுவார்கள். இயற்பியல் ஓரளவு தாங்கும், ஆர்கானிக்கை நான் கோடையில் வைக்க மாட்டேன். கம்யூனிட்டி காலேஜில் தொடங்கிப் பெரிய கல்லூரிக்கு மாறிய பிள்ளைகள் டாக்டராகியிருக்கிறார்கள். பணம் இல்லாவிட்டால் அது நல்ல வழி. ஆனால் மாறிய பிறகு ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி, மேல்நிலை உயிரியல் பாடங்களை நான்கு ஆண்டுக் கல்லூரியில் நன்றாகச் செய்து காட்ட வேண்டும்.

பேராசிரியரிடம் போகச் சொல்லுங்கள்

விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். பல கல்லூரிகள் அறிவியல் ஆசிரியர் இருவரிடமிருந்து கேட்கின்றன. முந்நூறு பேர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து ஏ வாங்கிய பிள்ளையைப் பற்றி ஆசிரியர் என்ன எழுதுவார்? 'ஆபீஸ் அவர்ஸ்' என்று வாரத்தில் ஓரிரு மணி நேரம் அவர் அறையில் இருப்பார், யாரும் போகலாம். நம் பிள்ளைகள் போவதில்லை. வாத்தியாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நாம்தான் வளர்த்திருக்கிறோம். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை என்று நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே, ஒரே ஒரு கேள்வியோடு போனால் போதும். என் மகளுக்கு மிக நல்ல கடிதம் எழுதியவர், அவளுக்கு பி மைனஸ் போட்ட கெமிஸ்ட்ரி பேராசிரியர். தோற்ற தேர்வுத் தாளை எடுத்துக்கொண்டு வாராவாரம் அவர் அறைக்குப் போனாள். அடுத்த செமஸ்டரும் அவரிடமே படித்து ஏ வாங்கினாள்.

கல்லூரியில் சுகாதாரப் படிப்புகளுக்கென்று தனி அட்வைசர் இருப்பார். துறை அட்வைசர் வேறு, இவர் வேறு. முதல் செமஸ்டரிலேயே நேரம் வாங்கி, நீங்கள் நிரப்பிய தாளோடு பிள்ளையை அனுப்புங்கள். சும்மா போனால் பொதுவாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். தாளைக் காட்டினால், இந்தப் பாடம் அந்த செமஸ்டரில் நடக்காது, இந்த லேபுக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்று குறிப்பாகச் சொல்வார்கள்.

பெற்றோர் அந்த அறைக்குள் போக வேண்டாம். வெளியே காரில் காத்திருங்கள். அடுத்த செமஸ்டருக்கான பதிவு நவம்பரை ஒட்டித் தொடங்கும், ஒவ்வொருவருக்கும் ஒரு நாளும் நேரமும் ஒதுக்கியிருப்பார்கள். அந்த நிமிடத்தில் கணினி முன்னால் இல்லாவிட்டால் நல்ல நேரத்து லேப் எல்லாம் போய்விடும். அந்தத் தேதியைத் தாளின் மேல் மூலையில் பெரிதாக எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதியதை ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பிள்ளையே அழித்துத் திருத்தட்டும்.